அண்ணா, தபாலட்டைகளை நான் விற்கவில்லை

அண்ணா,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் படிப்பீர்கள். சித்தியும் படிப்பா, கனடாவில் இருப்பவர்களும் படிப்பார்கள், ஆகவே சிலதைத் தொட்டும் தொடாமலும்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் இங்கே இங்கிலாந்தில் சேர்த்துவைத்து, விற்றுத் தரச் சொன்ன பழைய தபாலட்டைப் பெட்டிகள் போய்விட்டன. விற்கவில்லை, கொடுத்துவிட்டேன். ஊர் வீட்டுக் கூரைக்கு என்று நீங்கள் கேட்ட காசை என் கணக்கிலிருந்து அனுப்பியிருக்கிறேன். அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்க வேண்டாம்.

முதலில் நீங்கள் சொன்னபடியே ஒரு வியாபாரியைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர்தான், தொழில் தெரிந்தவர். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நீங்கள் ஊர் ஊராக அடுக்கிவைத்திருந்ததை மளமளவென்று பிரித்தார். ரயில் நிலையம் ஒரு பக்கம், டிராம் ஒரு பக்கம், கடை வாசலில் ஆட்கள் நிற்கும் படங்கள் இன்னொரு பக்கம். கதீட்ரல்களையும் கோட்டைகளையும் பார்க்கக்கூட இல்லை, அவை எல்லோரிடமும் இருக்கிறதாம். வெறும் தெரு, வெறும் குளம், ஒரு வண்டியும் இரண்டு வாத்தும் என்று இருந்தவை எல்லாம் மலிவுப் பெட்டிக்கு. நீங்கள் எந்த ஊரை எதற்குப் பக்கத்தில் வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள் என்பது எனக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் அது கண் முன்னால் கலைந்துகொண்டிருந்தபோது கை தானாகப் போய் மேசையை மறித்துவிட்டது. பாவம் அந்த மனிதர், தேநீரைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்.

நீங்கள் கேட்ட உதவியை நான் செய்யவில்லை என்று கோபம் வரும். மன்னியுங்கள் என்றும் சொல்கிறேன். ஆனால் அந்தக் கலைத்த மேசையை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் மறித்திருப்பீர்கள், அது எனக்கு நிச்சயம்.

பிறகு மகளும் நானும் திரும்ப அடுக்கினோம். உங்கள் வாயிலிருந்து கேட்டதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பின்பக்கம் நடுவில் கோடு இருந்தால் 1902க்குப் பிறகு, அதற்கு முன் விலாசம் மட்டும்தான் பின்னால், செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டும். பச்சை நிற அரைப் பென்னி முத்திரை என்றால் 1918 நடுப்பகுதிக்கு முன், அதற்குப் பிறகு ஒரு பென்னி ஆகிவிட்டது. அவள் அதை ஒரு பொலிஸ்காரி மாதிரிப் பிடித்துக்கொண்டாள். கடலோர ஊரான ஸ்வானேஜின் அட்டை ஒன்றில் விடுதியின் மேல்மாடி ஜன்னலில் பேனையால் ஒரு புள்ளடி போட்டு, இதுதான் எங்கள் அறை என்று யாரோ எழுதியிருப்பதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். மை அழுந்திய இடத்தில் அட்டை குழிந்திருக்கிறது. விரலை வைத்தால் தெரிகிறது.

தபாலட்டைப் படக்காரர் பிரான்சிஸ் ஃபிரித் பற்றி அவள் கேட்டாள், எதற்கு ஒரு மனிதன் இந்த நாட்டின் ஒவ்வொரு ஊரையும் படம் எடுக்க நினைத்தான் என்று. லிவர்பூலில் மளிகை வியாபாரம் செய்து, அதை விற்று, எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் போய்ப் பாலைவன வெயிலில் கண்ணாடித் தகடுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, 1860இல் ரைகேட்டில் கம்பெனி தொடங்கினார், 1898இல் இறந்தும்விட்டார் என்பதுவரை சொன்னேன். அவர் போன பிறகும் அந்தக் கம்பெனி 1970 அளவுவரை ஊர் ஊராகப் போய் எடுத்துக்கொண்டே இருந்தது, ஒரே சந்தியைத் தலைமுறைக்குத் தலைமுறை. எதற்கு என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பீர்கள்? வியாபாரம்தான், வேறென்ன என்றா? ஊருக்கு வந்தவர்கள் வாங்குவார்கள், அதற்காக எடுத்தான் என்றா? ஆனால் பழைய படங்களில் தெரு நடுவில் பிள்ளைகள் வரிசையாக நின்று கமெராவையே பார்க்கிறார்களே, ஆடினால் கலங்கிவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் யாருக்காக நின்றார்கள் என்று நீங்கள்தான் ஒருமுறை கேட்டீர்கள். வியாபாரத்துக்காக என்று அன்றைக்கு நீங்கள் சொல்லவில்லை.

அடுக்கிக்கொண்டு வரும்போது டைன்ஹாம் வந்தது, இரண்டாம் உலகப் போரில் ராணுவம் எடுத்துக்கொண்ட டோர்செட் கிராமம். அதோடு வேலை நின்றுவிட்டது.

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ராணுவக் கதவு திறந்திருக்கும் சனிக்கிழமை பார்த்துப் போனோம். கிடங்கு மாதிரி இறங்கும் பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் மஞ்சள் கட்டைகள், அதைத் தாண்டிக் கால் வைத்தால் வெடிக்காத குண்டு இருக்கலாம் என்று பலகை. நீங்கள் தபாற்கந்தோர் வரிசைக்கு முன்னால் நின்று, அட்டையைக் கை நீட்டிப் பிடித்து, படம் எடுத்தவன் நின்ற இடத்தைத் தேடி அடி அடியாகப் பின்னுக்குப் போனீர்கள். கொங்கிறீற் தொலைபேசிக் கூடு இடது பக்கம் வர வேண்டும், வாசல்கள் ஒன்றன் பின் ஒன்றாக விழ வேண்டும். அட்டையில் புகைபோக்கிகள், திரைச்சீலைகள், வாசலில் ஆட்கள். எதிரில் கூரையில்லாத கல்சுவர். கொஞ்சம் வலது பக்கம் வா, மறைக்கிறாய் என்று என்னைக் கத்தினீர்கள். இடம் கிடைத்ததும் அட்டையைக் கீழே இறக்கி, பிறகு உயர்த்தி, பிறகு இறக்கி, அப்படியே எவ்வளவு நேரம் நின்றீர்கள்! நான் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கோட் மாட்டும் கொளுக்கிகளுக்கு மேல் பெயர்கள் அப்படியே இருந்தன. அந்தப் பள்ளி 1932இலேயே மூடப்பட்டது, போருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் விளக்கினீர்கள். தேவாலயத்துக்குள் போனதும் உங்கள் விளக்கம் நின்றது. 1943 டிசம்பரில் 200 பேருக்கு மேல் ஊரைக் காலி பண்ணியபோது கதவில் குத்திவிட்டுப் போன கடதாசியின் வாசகம். தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பாருங்கள், பல தலைமுறை இருந்த வீடுகளைப் போரை வெல்வதற்காக விட்டுக்கொடுக்கிறோம், ஒருநாள் திரும்பி வருவோம், ஊரை நல்லபடி நடத்தியதற்கு நன்றி. போர் முடிந்தது, 1948இல் அரசாங்கம் காணியைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டது, அவர்கள் வரவேயில்லை.

நீங்கள் அதை இரண்டு தரம் வாசித்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள்: "இவையள் ஆறுதலா எழுதிக் குத்திப்போட்டுப் போயிருக்கினம். எங்களுக்குப் படலையைச் சாத்தக்கூட நேரம் இருக்கேல்லை."

அவ்வளவுதான். நம் ஊர் மயிலிட்டியைப் பற்றி நீங்களாகவே என்னிடம் சொன்ன முழு வசனம் அது ஒன்றுதான் அண்ணா.

போரில் ஊரை விட்டு ஓடிய 1990இல் எனக்கு நான்கு வயது. உங்களுக்குப் பதினாறு. அந்த ஆல்பம் விஷயத்தை இங்கே எழுத மாட்டேன். அம்மா அதை எப்படிச் சொன்னா என்பதையும் எழுத மாட்டேன், சொன்னது சரியில்லை என்று மட்டும் எல்லோரும் பார்க்க எழுதிவைக்கிறேன். பதினாறு வயதுப் பையன் தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியபோது வேறு எதைத் தூக்கியிருக்க முடியும்?

ஆனால் அதற்காக வாயை மூடிக்கொண்டே இருந்துவிடுவதா? மூழ்கிய டெர்வென்ட் கிராமத்துத் தேவாலயத்தின் கோபுரம் மட்டும் லேடிபவர் நீர்த்தேக்கத் தண்ணீருக்கு மேலே நின்றதையும் 1947இல் அதை வெடிவைத்துத் தகர்த்ததையும் நேரில் பார்த்தவர் மாதிரிச் சொல்வீர்கள். மார்டேல் கிராமம் மான்செஸ்டருக்குக் குடிதண்ணீராகப் போனது, வேல்ஸின் காப்பெல் கெலின் 1965இல் லிவர்பூலின் தண்ணீருக்காக மூழ்கியது, ஹால்சாண்ட்ஸ் கரையில் கப்பல்துறை கட்டச் சரளைக்கல் தோண்டித் தோண்டி 1917 புயலில் வீடுகளைக் கடல் கொண்டுபோனது, எல்லாம் வரிசையாக வரும். வேல்ஸ் கிராமத்துத் தபாற்கந்தோர் எந்தப் பக்கம் பார்த்தது என்று தெரிந்த மனிதருக்கு, நம் வீட்டுக் குசினி எந்தப் பக்கம் பார்த்தது என்று தங்கச்சிக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. பெற்றோல் செற்றில் இரவு வேலை முடித்து வந்து அட்டைகளை லாம்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் பக்கத்தில் இருப்பேன், கேட்பேன், "விடு, இப்ப என்னத்துக்கு" என்பீர்கள். மற்றவர்களின் ஊரை அப்படி நேசிக்கும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

2017இல் ராணுவம் மயிலிட்டித் துறைமுகத்தோடு விட்ட காணிக்குள் நம் வளவும் வந்தது, நீங்கள் போய்ப் பார்த்தீர்கள், வந்து படுத்தீர்கள், கடைசியில் அங்கேயே போய்விட்டீர்கள். போனதில் எனக்குக் குறையில்லை. சந்தோஷம்தான். இருபது கிலோ பெட்டிக்குள் ஒரு அட்டையைக்கூட வைக்காமல் போனதுதான் விளங்கவில்லை.

சரி, எங்கே கொடுத்தேன் என்று சொல்கிறேன். இந்தப் பக்கத்து ஊர்கள் அநேகமானவற்றில் உள்ளூர் வரலாற்றுக் குழு என்று ஒன்று இருக்கிறது, ஓய்வுபெற்றவர்கள் மாதம் ஒருமுறை கிராம மண்டபத்தில் கூடுவார்கள். ஊர் ஊராகப் பிரித்து அவரவர் ஊரை அவரவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். தூரத்து ஊர்களுக்குப் பதிவுத் தபால். ஒரு மண்டபத்தில் நீங்கள் 1912 என்று பென்சிலால் குறித்திருந்த அட்டையை ஒரு அம்மா உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, இல்லை, இந்த வண்டிக்குப் பின்னால் தெரிவது போர் நினைவுத் தூணின் அடிக்கல், அப்படியானால் முதல் போர் முடிந்த பிறகு எடுத்தது என்றா. பக்கத்தில் இருந்தவர் அது தண்ணீர்த் தொட்டி என்றார். மண்டபம் முழுக்கச் சண்டை. யாருடைய மாமா அந்த வண்டியை வைத்திருந்தார், தொட்டி எப்போது எடுபட்டது என்று ஆளாளுக்கு. நம் வீட்டு அலுமாரியில் இத்தனை வருடம் அந்த அட்டை வாய் பேசாமல் கிடந்தது அண்ணா. நானும் மகளும் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம், இப்படி ஒரு சண்டைக்கு மயிலிட்டியின் ஒரு படம் எங்கேயாவது அகப்படாதா என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. யாரோ ஒருவர் எடுத்திருப்பார். கலியாணப் படம், மீன்வாடிக்கு முன்னால் நின்ற படம், பின்னணியில் நம் ஒழுங்கை. எந்த நாட்டில் யாருடைய பெட்டியில் கிடக்கிறதோ. இதைப் படிப்பவர்களில் யாரிடமாவது இருந்தால், விற்க வேண்டாம், எனக்குத் தர வேண்டும் என்றும் இல்லை, ஒரு பிரதி எடுத்து அனுப்புங்கள்.

டைன்ஹாம் அட்டைகளை இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கத்தான் போகிறேன், ஆனால் அது உங்கள் முடிவு, நீங்கள் சொன்ன பிறகு.

அதுவரை நீங்கள் எனக்கு ஒன்று செய்ய வேண்டும். கூரை போடுகிறவர்கள் வருவதற்கு முன் வளவில் நின்று படம் எடுங்கள். கடலையும் அஸ்தமனத்தையும் எடுத்து அனுப்ப வேண்டாம், அது எல்லோரும் எடுக்கிறார்கள். ஒழுங்கையை இரண்டு பக்கத்திலிருந்தும், கிணற்றடியை, பழைய அத்திவாரம் தெரிகிற இடத்தை, திரும்பி வந்த அயலட்டை ஆட்களை அவர்கள் வாசலில் நிற்கவைத்து. பின்னால் யார் யார் என்று பெயர் எழுதுங்கள். வீட்டின் கிடையை ஒரு கொப்பித் தாளில் கீறுங்கள், விறாந்தை எது, சாமி அறை எது, அம்மா எங்கே நின்று நம்மைக் கூப்பிடுவா, அப்பாவின் வலை எங்கே கிடந்தது. இது தெரிந்தவர் இப்போது நீங்கள் ஒருவர்தான். கோபம் இருந்தால் அதையும் அதே தாளில் எழுதுங்கள், படிக்கிறேன். மறந்துபோன இடங்களை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

தங்கச்சி