ஆண்டறிக்கை 2025-26: பத்து வருட வாரண்டி என்று நாம் நம்பியது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆரம்பாக்கத்தின் நம் தெருக்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நம் குடியிருப்போர் நலச் சங்கம் செய்த பணிகளைப் பேரவை முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையால் நடக்கவில்லை. தெருவிளக்கு, குப்பை வண்டி, ரயில் நிலையத்துக்குப் போகும் சாலை ஆகிய மூன்றுக்கும் மனு கொடுத்தோம். விளக்கு வந்துவிட்டது. வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. சாலை அப்படியே கிடக்கிறது, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

இந்த ஆண்டு என் நேரத்தில் பெரும்பகுதி ஏசி, கீசர் வாரண்டிப் பிரச்சினைகளிலேயே போனது. அதைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

போன மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், மூன்றாவது தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அக்கா வீட்டில் ஏசி நின்றுபோனது. எல்லைக்கு அப்பால் ஆந்திராவில் இருக்கும் சூளூர்ப்பேட்டையில் 2022இல் வாங்கியது. வாரண்டி அட்டையில் கொட்டை எழுத்தில் ‘10 ஆண்டு’ என்று இருந்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கம்ப்ரசர் போய்விட்டது, கம்பெனியே மாற்றித் தரும் என்றார். மாற்றியும் தந்தார்கள். கடைசியில் கையில் கொடுத்த பில் ஏழாயிரத்தைத் தாண்டியது. அக்கா அந்தப் பில்லோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். “தம்பி, பத்து வருஷம்னு போட்டிருக்கானே, அப்புறம் எதுக்குக் காசு?” என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. ஓய்வூதியத்தில் மாதத்தை ஓட்டுகிறவரை வெறுங்கையோடு அனுப்பியது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

பிறகுதான் அட்டைகளை வாங்கி வாங்கிப் படித்தேன். பத்து ஆண்டு என்பது, கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசர் என்ற ஒரே ஒரு உறுப்புக்கு மட்டும். மொத்த ஏசிக்கும் பெரும்பாலான கம்பெனிகள் தருவது ஓராண்டுதான். ஏசியை இயக்கும் மின்னணு போர்டுக்குச் சிலர் ஐந்தாண்டு தருகிறார்கள். கம்ப்ரசரை மாற்ற வேண்டுமானால் உள்ளே இருக்கும், குளிர் தரும் கேஸை எடுத்தாக வேண்டும். பழையதைக் கழற்றி, புதியதைப் பற்றவைத்து, குழாயில் காற்றை முழுக்க இழுத்து, மறுபடி கேஸ் நிரப்ப வேண்டும். கம்ப்ரசர் இலவசம், ஆனால் கேஸ், கூலி, வண்டிச் செலவு எல்லாம் நம் தலையில். இது பொடி எழுத்தில் இருக்கிறது. கடையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. சர்வீஸ் சென்டர் இருக்கும் நகர எல்லையைத் தாண்டினால் வந்துபோகும் செலவு வாடிக்கையாளருடையது என்று பல அட்டைகள் சொல்கின்றன. நாமோ தமிழ்நாடு முடிந்து ஆந்திரா தொடங்கும் இடத்தில், எல்லைக்கும் எல்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் தினமும் தடா தாண்டி, ஆந்திரத் தொழில் நகரமான ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிறார்கள். டைக்கின், புளூ ஸ்டார் போன்ற கம்பெனிகள் அங்கே ஏசி தயாரிக்கின்றன. ஏசி செய்கிற ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் நமக்கு அதன் அட்டையைப் படிக்கச் சொல்லித்தர ஆள் இல்லாதது என்னை வருத்தியது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் நம் தெருக்களில் பல வீடுகளில் புது ஏசி ஏறியது. அதனால் அக்டோபர் கூட்டத்தை முழுக்க இதற்கே ஒதுக்கினோம். ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் இரண்டு தம்பிகளும், தடாவிலிருந்து ஏசி மெக்கானிக் ஒருவரும் வந்து பேசினார்கள்.

மெக்கானிக் ஒரு பழைய அவுட்டோர் யூனிட்டைக் கழற்றி எடுத்து வந்திருந்தார். பின்பக்கத்துக் காயிலின், அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருளின், மெல்லிய தகடுகளை விரலால் தொட்டார். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. “இதி உப்பு காலி” என்றார். முன்வரிசைப் பெண்களுக்குப் புரியவில்லை, உப்பு தீர்ந்துவிட்டது என்கிறாரோ என்று பார்த்தார்கள். தெலுங்கில் காலி என்றால் காற்று. பழவேற்காட்டு ஏரியிலிருந்து வீசும் உப்புக்காற்றுதான் தகட்டைத் தின்கிறது. பிறகு குழாய் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவினார். எங்களை அருகில் வந்து பார்க்கச் சொன்னார். கடுகளவு குமிழி ஒன்று மெல்லப் பெருத்து உடைந்தது, மறுபடி பெருத்தது. கேஸ் அந்த வழியாகத்தான் போகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பிவிட்டுப் போகிறவரிடம் காசு கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். உப்பரிப்புக்கு வாரண்டி கிடையாது என்று பல அட்டைகள் எழுதியே வைத்திருக்கின்றன. அதனால் வாங்கும்போதே காயில் செம்பா அலுமினியமா, துருத்தடுப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். அவுட்டோரை ஏரிக்காற்று நேரே அடிக்காத சுவரில் மாட்டச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் காயிலின் ஆயுள் கூடும்.

வாரண்டியில் வராதவை இன்னும் உண்டு. பல்லி உள்ளே புகுந்து போர்டு எரிவது. எலி ஒயரைக் கடிப்பது. வோல்டேஜ் ஏறி இறங்கிக் கருகுவது. கம்பெனி ஆள் அல்லாதவர் கழற்றி மாட்டுவது. வாடகை வீடு மாறும்போது தெரிந்த பையனை வைத்து ஏசியைப் பெயர்த்துக்கொண்டு போகிறோமே, அதுதான். வெள்ளமும் வாரண்டியில் சேராது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் தரையோடு வைத்திருந்த அவுட்டோர்கள் மூழ்கியது நினைவிருக்கும். அதற்கு வீட்டுக் காப்பீடுதான் வழி.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த நம் மூத்த உறுப்பினர் தெளிவாகச் சொன்னார். அங்கே ‘ஹோம் வாரண்டி’ என்று தனியே ஒரு ஆண்டு ஒப்பந்தம் விற்கிறார்கள். வீட்டு ஹீட்டர், ஏசி பழசாகித் தேய்ந்து நின்றால் அது பார்க்கும். தீ, புயல் என்றால் காப்பீடு பார்க்கும். ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் ஒரு கட்டணம், மொத்தச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு, ஏற்கெனவே இருந்த பழுதுக்கும் பராமரிக்காததற்கும் கைவிரிப்பு. நம் ஊரில் போடும் ஏஎம்சிக்கு, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு, அது கிட்டத்தட்ட அண்ணன் முறை. ஏஎம்சி போடுகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வெறும் சர்வீஸ் மட்டுமா, பாகமும் கேஸும் சேர்ந்ததா? இரண்டுக்கும் விலை வேறு.

கீசருக்கு வருகிறேன். டேங்க், எலிமென்ட், மொத்தக் கருவி என்று மூன்றுக்கும் தனித்தனி காலம் இருக்கிறது. டேங்குக்குத்தான் அதிக வருடம். உள்ளே ஒரு மெக்னீசியம் ராடு இருக்கிறது. டேங்கை அரிக்க வேண்டிய தண்ணீர் முதலில் அதைத் தின்னும். நம் போர் தண்ணீருக்கு அது சீக்கிரம் கரைந்துவிடுகிறது. ராடை உரிய காலத்தில் மாற்றாவிட்டாலும், தண்ணீரின் உப்பு அளவுக்கு மேல் இருந்தாலும் டேங்க் வாரண்டி செல்லாது என்று சில அட்டைகள் சொல்கின்றன. எங்கள் வீட்டு ராடைக் கழற்றியபோது கட்டைவிரல் பருமன் இருந்தது வெறும் கம்பியாக மெலிந்திருந்தது.

இனி காகிதம். நம்மவர் ஒருவர் பில் கிழியக் கூடாதென்று பத்திரமாக லேமினேட் செய்தார். கடை மெஷினில் வரும் வழவழப்பான பில் சூடு பட்டால் கறுக்கும். லேமினேஷன் மெஷினிலிருந்து அது ஒரு எழுத்தும் தெரியாத கறுப்புத் தாளாக வெளியே வந்தது. வாங்கிய அன்றே பில்லையும் அட்டையையும் சீரியல் நம்பர் ஒட்டிய இடத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். பில்லில் ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’, அதாவது காசு கொடுத்து நீட்டிக்கும் வாரண்டி, என்று தனி வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். தவணையில் வாங்கிய இரண்டு வீடுகளில் தெரியாமலே அதற்குப் பணம் பிடித்திருந்தார்கள். பழுதானபோது அழைக்க வேண்டிய எண் கம்பெனியுடையது அல்ல, வேறு ஒருவருடையது. இதுவும் அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பில்லில் ஜிஎஸ்டி எண் 37 என்று தொடங்கினால் ஆந்திரக் கடை, 33 என்றால் நம் பக்கம். “ஆந்திரா பில், அங்கேயே கேளுங்கள்” என்று போனில் சொன்னால் ஏற்காதீர்கள். நாங்கள் பார்த்த அட்டைகளில் இந்தியா முழுதுக்கும் என்றே இருக்கிறது. புகார் பதியும்போது வீட்டுப் பின்கோடைச் சொல்லுங்கள். 6இல் தொடங்குவது நம்முடையது. கடையின் 5இல் தொடங்கும் எண்ணைச் சொன்னால் ஆள் அந்தப் பக்கம் போய்விடுகிறார். இப்படி ஒரு வீட்டில் ஒன்பது நாள் வீணானது.

இதற்கும் மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம்மைப் போன்ற எல்லை ஊர்க்காரர்களுக்குப் பெரிய வரம். கடை எங்கே இருந்தாலும், நாம் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே, அதாவது திருவள்ளூரிலேயே, மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

சங்க அலுவலகத்தில் இப்போது ஒரு வாரண்டி நோட்டு இருக்கிறது. வீட்டு எண், வாங்கிய தேதி, ஓராண்டு முடியும் தேதி, சீரியல் நம்பர் எல்லாம் அதில் ஏறும். முதல் ஆண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது நாங்களே போன் செய்வோம். கேஸ் கசிவோ சத்தமோ இருந்தால் அதற்குள் சொல்லிவிடலாம். இன்னும் பதியாதவர்கள் ஞாயிறு காலையில் அட்டையோடு வாருங்கள்.

ஆசிரியை அக்காவின் பில்லை மறுபடி எடுத்துப் பார்த்தோம். கம்ப்ரசர் இலவசம் என்று சொல்லிவிட்டு ‘பாகம்’ என்ற பெயரிலும் ஒரு தொகை போட்டிருந்தார்கள். 1915இல் பதிந்த பிறகு அந்தத் தொகை மட்டும் திரும்ப வந்தது. கேஸுக்கும் கூலிக்கும் கொடுத்தது போனதுதான். போர்டு எரிந்த இன்னொரு வீட்டுக்கு, ஸ்டெபிலைசர் பில்லும், மெக்கானிக் எழுதித் தந்த வேலைச் சீட்டான ஜாப் ஷீட்டின் நகலும் சேர்த்து ஆணையத்துக்கு மனு தயாராகிறது. அடுத்த வாரம் நானும் அவர்களோடு திருவள்ளூர் போகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்