முதுமைக்கான ஏற்பாடு தொட்டிலில் தொடங்குவதில்லை: மக்கள்தொகைக் கொள்கை வகுக்கும் அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

பிறப்பு விகிதம் சரிவதைக் குறித்து நீங்கள் வெளியிடும் அறிக்கைகளில் பெரும்பாலானவை, இன்னும் எத்தனை குழந்தைகள் பிறக்க வேண்டும் என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. ஏற்கெனவே பிறந்து, உழைத்து, மூப்பை நெருங்கிக்கொண்டிருப்பவர்களை யார் பராமரிப்பது என்பதை முதன்மைக் கேள்வியாக ஏற்கும்படி உங்களை வேண்டவே இம்மடலை எழுதுகிறேன்.

மக்கள்தொகை குறையாமல் நிலைத்திருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பல ஆண்டுகள் ஊக்கத்தொகைகளை வாரி வழங்கிய தென் கொரியாவில் அந்தச் சராசரி 2023இல் 0.72 ஆக இறங்கியது. ஒரு குழந்தைக் கொள்கையைக் கைவிட்டு, 2016இல் இரண்டு, 2021இல் மூன்று எனச் சீனா வரம்பைத் தளர்த்தியும் 2022 முதல் அதன் மக்கள்தொகை குறைந்துவருகிறது. 1966இல் கருக்கலைப்புக்குத் தடை விதித்த ருமேனியாவில் பிறப்புகள் ஓரிரு ஆண்டுகள் உயர்ந்து மீண்டும் சரிந்தன. பாதுகாப்பற்ற கருக்கலைப்புகளில் ஏராளமான பெண்கள் உயிரிழந்ததுதான் மிச்சம். அந்த வழியை எந்த அரசும் எண்ணிப் பார்க்கவே கூடாது.

உங்கள் திட்டங்கள் வெற்றி பெறுவதாகவே வைத்துக்கொள்வோம். இன்று பிறக்கும் குழந்தை உழைத்துச் சம்பாதித்து வரி செலுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகும். அதுவரை முதியோரோடு அக்குழந்தையையும் தாங்கப்போவது இன்று உழைக்கும் வயதில் இருப்பவர்களே. 2050இல் 65 வயதைக் கடந்திருக்கப்போகிறவர்கள் அனைவரும் 1985க்குள் பிறந்துவிட்டவர்கள் என்பதால், அவர்களின் தேவையை இப்போதே ஓரளவு கணித்துவிட முடியும்.

ஜப்பான் 2000இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கி, 40 வயதைக் கடந்தோர் அனைவரையும் அதற்குச் சந்தா செலுத்த வைத்தது. உதவி கேட்பவரின் இயலாமை மதிப்பிடப்பட்டு, அதற்கேற்ப வீட்டுக்கே வந்து செய்யும் உதவியோ பகல்நேரப் பராமரிப்போ பராமரிப்பு இல்லத்தில் இடமோ வழங்கப்படுகிறது. அங்கும் பராமரிப்புப் பணியாளர்கள் போதவில்லை, பெற்றோரைக் கவனிக்க வேலையை விடுவோரும் இருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனாலும், பராமரிப்பு என்பது குடும்பத்தின் தலையில் மட்டும் விழ வேண்டிய பாரமல்ல என்பதைச் சட்டமாக்கிய அந்தத் துணிவு பின்பற்றத்தக்கது.

பிள்ளை பெறுமாறு நீங்கள் வலியுறுத்தும் அதே பெண்தான், பெரும்பாலான வீடுகளில், படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரையும் தகப்பனாரையும் ஊதியமின்றிக் கவனித்துக்கொள்கிறாள். அதற்காக வேலையை விட்டவளின் ஓய்வூதியமும் குறைந்துபோகிறது. முதியோரைப் பராமரித்த ஆண்டுகளை ஓய்வூதியத்துக்குரிய பணிக்காலமாகக் கணக்கில் எடுங்கள். பராமரிப்பை முறையான பயிற்சியும் கண்ணியமான ஊதியமும் உள்ள தொழிலாக்குங்கள். பிறப்பு ஊக்கத்துக்கு ஒதுக்கும் தொகையோடு முதியோர் பராமரிப்புக்கு ஒதுக்கும் தொகையையும் அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே தனித்தனியாகக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதியோர் நலனில் அக்கறை கொண்ட குடிமகள்