துரும்பால் வெட்டிய கதை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சான்,

நீ அனுப்பிய பேரீச்சம்பழம் கிடைத்தது. பாதியை அம்மா எங்கேயோ ஒளித்துவிட்டா, மீதியைப் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பின்னேரம் கடற்கரைப் பக்கம் போனால்தான் மூச்சு வருகிறது.

சரி, விசயத்துக்கு வாறன். நாம் ஒன்லைனில் ஆடுகிற ஹார்த்ஸ்டோன் சீட்டாட்டத்தில் உன்னுடைய ஹண்டர் வீரனிடம் அடி வாங்கி அலுத்துப்போய், வோரியர் வீரனை வைத்து ஒரு கொன்ட்ரோல் டெக், அதாவது எதிராளியைத் தடுத்துத் தடுத்தே ஆட்டத்தை இழுக்கிற சீட்டுக்கட்டு, கட்டினேன் அல்லவா? 30 சீட்டுக்குள், களத்தில் இறங்கி அடிக்கிற மினியன்களை அழிக்கிற காட், உயிருக்கு முன்னால் அடி தாங்குகிற கவசமான ஆமரை ஏற்றுகிற காட், புதுச் சீட்டு இழுக்கிற காட் என்று திணித்து வைத்தேன். எதிராளி எதை இறக்கினாலும் துடைத்தேன். துடைத்த பிறகு எதை வைத்து வெல்வது என்றுதான் யோசிக்கவில்லை. ஒருநாள் என்னைப் போலவே ஒரு கொன்ட்ரோல்காரன் எதிரில் வந்தான். இரண்டு பேரும் காவல்காரர் மாதிரிக் குந்திக்கொண்டிருந்தோம். நான் அதிகம் இழுத்ததால் என் டெக்தான் முதலில் காலி. அதற்குப் பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் 1, 2, 3 என்று கூடிக்கொண்டே அடி விழும். ஏழு இழுப்பில் 28. நமக்கு இருக்கிற உயிரே 30. ஆமர் கொஞ்சம் தாங்கியது, அவ்வளவுதான்.

இழுவைக் காட் இரண்டைக் கழற்றிவிட்டு, ஆட்டத்தை முடிக்கப் பெரிய மினியன் இரண்டு போட்டேன். அந்த டெக்கோடுதான் போன வெள்ளி உன்னிடம் வந்தேன்.

ஐந்தாவது முறையில் உன் பக்கம் இரண்டே மினியன். என் கையில் ப்ரால் என்ற காட். அதைப் போட 5 மானா, முறைக்கு முறை கிடைக்கிற சக்தி, செலவாகும். களத்தில் நிற்கிறதில் ஒன்றை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் கொல்லும். எது தப்பும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். கை சும்மா இருக்கவில்லை, போட்டேன். சின்னது செத்தது, பெரியது நின்றது. அடுத்த முறையே கையில் வைத்திருந்த மூன்றையும் நீ இறக்கினாய். என்னிடம் துடைக்க ஒன்றும் இல்லை.

அப்போது எனக்கு 24 உயிர் இருந்தது, மச்சான்! இன்னொரு முறை அடி வாங்கிக்கொண்டு பொறுத்திருந்தால் நாலைந்தை ஒரே வீச்சில் முடித்திருக்கலாம். உயிரைச் சேமித்து வட்டிக்கா விடப்போகிறேன்? செத்த வீட்டுப் பந்தலில் விடிய விடிய 304 சீட்டாட்டம் போடும்போது, "ராசாவும் ராணியும் சேர்ந்தாலே 5 புள்ளி, அதற்குப் போய்த் துரும்பால் வெட்டுகிறாயே" என்று தலையில் குட்டுவாயே, ஞாபகம் இருக்கிறதா? அதே கைதான் இது, இன்னும் திருந்தவில்லை.

இப்போது ப்ராலைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கப் பழகுகிறேன். முறைக்கு 2 மானா கொடுத்து 2 ஆமர் ஏற்றிவிட்டுப் பேசாமல் இருப்பது, நம்பு, பெரிய வேலை. மகன் பக்கத்தில் இருந்து, "அப்பா, ஏன் ஒன்றும் போடவில்லை?" என்று கேட்டு உயிரை வாங்குகிறான்.

வருகிற வெள்ளி கட்டாரில் இரவு எட்டு மணிக்கு வா. இங்கே பத்தரை, பிள்ளைகள் படுத்துவிடுவார்கள். அந்த ஹண்டரையே கொண்டு வா, டெக்கை மாற்றாதே.

இப்படிக்கு,
உன் மச்சான்