டெலின் குடும்பத்தைத் தேடியபோது உதவியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். மூன்று வருடங்களுக்கு முன் 'டெலின்' என்றொரு ஓவியக் குடும்பத்தைத் தேட ஆரம்பித்தேன். ஐரோப்பாவின் பழைய மூலிகை நூல்களில், படத்துக்குக் கீழே இடது ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. தலைமுறை தலைமுறையாகப் படம் போட்டவர்கள் போலிருக்கிறது என்று நோட்டில் ஒரு வம்சாவளிகூட வரைந்துவிட்டேன்.

அதைப் பார்த்தும் சிரிக்காமல் இருந்ததற்காகவே ஃபாதருக்கு முதல் நன்றி. குருமடத்தில் லத்தீன் படித்தவர் அவர். 'டெலின்' என்பது ஆள் பெயர் இல்லை, 'வரைந்தார்' என்பதன் லத்தீன் சுருக்கம் என்றார். 'ஸ்கல்ப்' என்றால் செதுக்கினார், 'பின்க்ஸ்' என்றால் வண்ணம் தீட்டினார். பத்து நிமிடத்தில் என் வம்சாவளி காலி. பெரும்பாலும் இடது ஓரத்தில் வரைந்தவர் பெயரும் வலது ஓரத்தில் செதுக்கியவர் பெயரும் இருக்கும், அங்கே தேடு என்று சொல்லி அனுப்பினார்.

அப்படித் தேடும்போதுதான் ஒரு படத்தின் அடியில் 'எலிஸ். பிளாக்வெல்' என்ற ஒரே பெயருக்குப் பின்னால் அந்த மூன்று சொற்களும் வரிசையாக நின்றன. ஃபாதர் இரண்டு முறை படித்தார். "மூணு வேலையும் இந்த அம்மாவே செஞ்சிருக்காங்க" என்றார்.

எலிசபெத் பிளாக்வெல். 'எ க்யூரியஸ் ஹெர்பல்' என்ற மூலிகை நூல், லண்டன், 1737 முதல் 1739 வரை. கணவர் அலெக்சாண்டர் கடனுக்காகச் சிறையில் இருந்தார். இந்த அம்மாள் செல்சீ மூலிகைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்து, செடிகளைப் பார்த்து வரைந்தார். வாரத்துக்கு நான்கு படம், 125 வாரம், மொத்தம் 500 படங்கள். வாரா வாரம் தொடர்கதை மாதிரி வெளிவந்த மருத்துவ நூல். தக்காளியும் அதில் உண்டு, 'காதல் ஆப்பிள்' என்ற பெயரில். கணவர் பிறகு சுவீடன் போய், அரசியல் சதியில் மாட்டி 1747இல் மரண தண்டனை பெற்றார். இந்த அம்மாளைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பக்கத்தைக் கணவருக்கே கொடுத்துவிடுகிறார்கள். என் முதல் கட்டுரையும் அப்படித்தான் இருந்தது.

அந்தக் கட்டுரையில் அதைவிடப் பெரிய தப்பும் இருந்தது. பிளாக்வெல் ஒரு டாக்டர் என்று எழுதியிருந்தேன். டாக்டர் பிளாக்வெல் என்பவர் 1849இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி. பெயர் ஒன்று, ஆள் வேறு. நூறு வருட இடைவெளியை நான் கவனிக்கவே இல்லை. இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்து, "தம்பி, கோபப்படாதீங்க" என்று ஆரம்பித்துத் திருத்திய அம்மாவுக்கு நன்றி. கோபமில்லை அம்மா, வெட்கம்தான்.

இனி அச்சக ஐயா. நாற்பது வருடம் ட்ரெடில் மிஷினோடும் ஈய எழுத்தோடும் வாழ்ந்தவர். இங்கிலீஷ் படிக்க மாட்டார். பிளாக்வெல் புத்தகத்தின் எழுத்துப் பக்கத்தைப் படம் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இது கோத்த எழுத்து இல்லப்பா" என்றார். அச்சில் வார்த்த எழுத்து என்றால் எல்லா 'ஜி'யும் ஒரே மாதிரி இருக்கும். இங்கே ஒவ்வொன்றும் வேறு வாலோடு இருந்தது. அதாவது படத்தை மட்டுமல்ல, செடியின் விளக்கத்தையும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்திருக்கிறார்கள். அதுவும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக! இரண்டு வருடமாக அந்தப் பக்கத்தைப் 'படித்துக்கொண்டே' இருந்த என் கண்ணுக்கு இது தெரியவில்லை. மரக்கட்டையில் மேடாக நிற்கும் கோடுதான் மை வாங்கும், அதனால் அது எழுத்தோடு சேர்ந்து அச்சாகும். செம்பில் பள்ளம்தான் மை வாங்கும், அதற்குத் தனி மிஷின் வேண்டும் என்று டீக்கடை பெஞ்சில் கரண்டியால் கீறிக் காட்டியதும் அவர்தான்.

ஜெர்மன் டீச்சருக்கு நன்றி சொன்னால் திட்டுவார், இருந்தாலும் சொல்கிறேன். நியூரம்பர்க்கில் ட்ரூ என்ற மருத்துவர் இதே நூலை விரிவாக்கி வெளியிட்டார். படங்களைப் புதிதாக வரைந்து செதுக்கியவர் ஐசன்பெர்கர். 'எஸ்'ஸும் 'எஃப்'பும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கும் அந்தப் பழைய ஜெர்மன் எழுத்தை வரி வரியாக வாசித்துச் சொன்னார். தலைப்பிலிருந்து பிளாக்வெல் பெயரை அவர்கள் நீக்கவில்லை என்பதைக் காட்டியதும் டீச்சர்தான். நான் நீக்கியிருப்பார்கள் என்ற முடிவோடு போயிருந்தேன்.

இந்த நூல்களை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவைத்த நூலகங்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஒரு பக்கத்தின் ஓரத்தில் ரப்பர் உறை போட்ட ஒரு கட்டைவிரல் பதிவாகியிருக்கிறது. அந்த விரலுக்குச் சொந்தக்காரர் யாரோ, அவருக்கும்.

கடைசியாக ஃபாதர் காட்டிய ஒரு பக்கம். 1542இல் பாசல் நகரில் அச்சான, ஃபூக்ஸ் என்ற மருத்துவரின் மூலிகை நூல். அதில் படம் வரைந்த ஆல்பிரெக்ட் மேயர், அதை மரக்கட்டைக்கு மாற்றிய ஹைன்ரிஷ் ஃபுல்மவுரர், கட்டையைச் செதுக்கிய ஸ்பெக்லே ஆகிய மூவரின் உருவப்படங்களும் பெயரோடு இருக்கின்றன. மேயர் கையில் தூரிகையோடு எதிரே இருக்கும் செடியைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறார். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். உங்கள் பெயர்களைப் போடக்கூடாது என்று நீங்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி கேட்டுக்கொண்டதில் எனக்குச் சம்மதமே இல்லை. சரி, இந்த முறை மட்டும் விட்டுவிடுகிறேன்.

ஐயா, உங்கள் பூதக்கண்ணாடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
வம்சாவளி வரைந்தவன்