பொருள்: சர்வீஸ் முடிந்து வந்த லென்ஸில் இடது ஓரம் இன்னும் மங்கலாகவே விழுவது குறித்து

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் என் 24-70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸை உங்கள் சர்வீஸ் மையத்துக்கு அனுப்பியிருந்தேன். மிக அகலமான காட்சி கிடைக்கும் 24 மி.மீ.யில் படத்தின் இடது ஓரம் மங்குகிறது என்பதுதான் புகார். திரும்பி வந்த லென்ஸோடு இருந்த சீட்டில், "லென்ஸில் குறை இல்லை. ஐஎஸ்ஓ அதிகமானதால் வந்த நாய்ஸ். கேமராவில் ஷார்ப்னெஸைக் கூட்டிக்கொள்ளவும்" என்று எழுதியிருக்கிறார்கள்.

நாய்ஸ் என்றால், அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகள் என்றால், படம் முழுக்கத்தானே வரும்? இடது பக்கம் மட்டும் போய் உட்கார அதற்கு ஏதாவது வேண்டுதலா? மூலை இருட்டைக் கேமரா சரிக்கட்டும்போது ஓரங்களில் நாய்ஸ் கொஞ்சம் ஏறும், உண்மைதான். ஆனால் நான்கு மூலையிலும் ஒரே மாதிரி ஏறும். அதோடு, நான் அனுப்பிய படங்கள் எல்லாமே நாய்ஸ் மிகக் குறைவாக வரும் ஐஎஸ்ஓ 100-இல் எடுத்த ரா கோப்புகள், அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்புகள். கேமராவின் ஷார்ப்னெஸ் அமைப்பு, கேமராவே மெருகேற்றித் தரும் ஜேபெக் படத்தைத்தான் மாற்றும், ரா கோப்பைத் தொடாது. நாய்ஸ் என்று சொல்லிவிட்டு ஷார்ப்னெஸைக் கூட்டச் சொல்வதும் எனக்குப் புரியவில்லை. கூட்டினால் அந்தப் புள்ளிகள்தான் இன்னும் துருத்திக்கொண்டு தெரியும்.

சோதித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ட்ரைபாடில் கேமரா, 2 வினாடி டைமர், ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசேஷன் அணைத்தாயிற்று, ஷட்டர் 1/250. எதிரே செங்கல் சுவர். திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்தேன். வலது ஓரத்தில் சிமென்ட் பூச்சின் மணல் துகள்வரை தெரிகிறது. இடது ஓரத்தில் ஒவ்வொரு செங்கல்லின் விளிம்புக்கும் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு விளிம்பு. ஃபோகஸை அந்த ஓரத்திலேயே வைத்தும் தெளியவில்லை. கேமராவைத் தலைகீழாகத் திருப்பி எடுத்ததில், முன்பு பளிச்சென்று இருந்த சுவரின் வலது கோடி இப்போது மங்கிவிட்டது. ஆக, சுவர் கோணலாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. அதே கேமராவில் வேறு லென்ஸைப் போட்டால் இரண்டு ஓரமும் ஒன்றுபோல வருகிறது. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது என்றுதான் இதெல்லாம் காட்டுகிறது.

சீட்டில் "ஆட்டோஃபோகஸ் திருத்தப்பட்டது" என்றும் ஒரு வரி. அது ஃபோகஸை மொத்தமாக முன்னே பின்னே நகர்த்துமே தவிர, ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்யாது. நான் ஆட்டோஃபோகஸைப் பயன்படுத்தவும் இல்லை.

சான்றாக நீங்கள் அனுப்பிய படமோ லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8-இல் எடுத்து, நடுப்பகுதியை மட்டும் வெட்டியது. எஃப் 8-இல் இந்தக் குறை பெருமளவு மறைந்துவிடும், நடுப்பகுதியைப் பற்றி நான் புகாரே சொல்லவில்லை. துளை முழுதாகத் திறக்கும் எஃப் 2.8-க்காகத்தான் இவ்வளவு விலை கொடுத்து இந்த லென்ஸை வாங்கினேன்.

லென்ஸை மறுபடி அனுப்பத் தயார், ஆனால் போக்குவரத்துச் செலவு உங்களுடையது. 24 மி.மீ., எஃப் 2.8-இல் நான்கு மூலைகளையும் சோதித்து, கண்ணாடிகளை மையப்படுத்தி, அந்தச் சோதனைப் படங்களை முழு அளவில் அனுப்புங்கள். முடியாது என்றால் வேறு லென்ஸ் தாருங்கள். சர்வீஸில் கழிந்த நாட்களை உத்தரவாதக் காலத்தில் சேர்க்கவும் வேண்டும்.

கோப்புகளை மீண்டும் இணைத்திருக்கிறேன். இந்த முறை பார்ப்பவர் தயவுசெய்து 100 சதவீத அளவில் திறந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்