மதிப்பெண் பதிவேடு மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். மாணவர் வாழ்க்கையைச் சொல்லும் பழைய காகிதங்களையும் பல்கலைக்கழகங்கள் பாதுகாக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறது என்றாலே கல்லூரிகளில் முதலில் காலியாவது ஸ்டோர் ரூம்தான். நான் படித்த கல்லூரியிலும் விடுதி மெஸ் கணக்கு நோட்டு, மாணவர் மன்றத் தேர்தல் நோட்டீஸ், சைக்ளோஸ்டைல் எடுத்த பத்திரிகை, ஆண்டு மலர்கள் எல்லாம் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர்காரரிடம் போயின. மெஸ் நோட்டின் ஒரு பக்கத்தில் "அரிசி விலை ஏற்றம், ஞாயிறு முட்டை கிடையாது" என்று பச்சை மையில் எழுதியிருந்தது. இதையெல்லாம் எந்த மதிப்பெண் பதிவேடு சொல்லும்?

1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரனுக்குச் சிதம்பரத்தில் சிலை இருக்கிறது, சரி. ஆனால் அந்த வாரம் விடுதி அறைகளில் என்ன பேசினார்கள், வீட்டுக்கு என்ன எழுதினார்கள் என்பதை அறிய கடிதமும் டைரியும் துண்டறிக்கையும்தான் வேண்டும். அன்றைய மாணவர்களுக்கு இப்போது எண்பது வயது, அவர்கள் பரணில் இருப்பதை இன்றே கேட்டு வாங்கினால்தான் உண்டு.

கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த பழைய தமிழ் நூல்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அரசு நிதி பெறும் பல்கலைக்கழகங்களால் முடியாதா என்ன? ஈரம் ஏறாத ஓர் அறை, முறையாகப் பயின்ற ஓர் ஆவணக் காப்பாளர், அப்புறம் அவர் கையெழுத்தில்லாமல் ஒரு காகிதத்தையும் எடைக்குப் போடக்கூடாது என்ற உத்தரவு: உயர்கல்வித் துறை இந்தக் கல்வியாண்டிலேயே இதைச் செய்ய வேண்டும்.

– ஒரு முன்னாள் மாணவி, மதுரை