அந்தப் படத்தைத் திரும்ப மாட்டுங்கள்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவுக்கு,

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

பொங்கல் ஓவியக் கண்காட்சியில் வாசலிலிருந்து மூன்றாவதாக மாட்டியிருந்த படத்தை வெள்ளிக்கிழமை மதியம் கழற்றினீர்கள். திறந்துவைக்க அதிகாரி வருவதற்கு ஒரு மணி நேரம் இருந்தது. நான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டேன். "வேண்டாம்மா, வம்பு" என்றீர்கள். வரைந்த பிள்ளை பதினோராம் வகுப்பு படிக்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல், அம்மாவின் பழைய சேலையில் படத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

நீங்கள் அந்தப் படத்தை நின்று பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். நம் தாராவிச் சந்துதான். வாசலில் கோலம், வரிசையாக நீலக் குடங்கள், தலைக்கு மேல் சிக்குப் பிடித்த கரண்ட் ஒயர். படியில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிற பாட்டி. யாருக்கும் முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில், சர்வேக்காரர்கள் நம் சுவரில் பெயின்டால் எழுதிவிட்டுப் போனார்களே, அந்த மாதிரி எண்கள். டேப் பிடித்து அளக்கிற ஆளுக்கு மட்டும் கண், மூக்கு எல்லாம் உண்டு. கொடியையோ அரசுச் சின்னத்தையோ அவள் தொடவில்லை. தொட்டிருந்தாலும் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேன்.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்குத்தான் அந்த சர்வே. 2000 ஜனவரி 1-க்கு முன்னால் தரைத்தளத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் இருந்தால் தாராவியிலேயே இலவச வீடு. மாடியில் இருப்பவர்களும் பின்னால் வந்தவர்களும் தாராவிக்கு வெளியே. பழைய ரேஷன் கார்டைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கவிழ்க்காத வீடு நம் தெருவில் உண்டா? ராத்திரி நாம் பேசிக்கொள்வதைத்தான் அந்தப் பிள்ளை வரைந்தாள்.

கேஸ் வரும் என்று பயந்தீர்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாந்திரா-குர்லா வளாகத்தில், 2011-இல் நடந்த ஊழல் எதிர்ப்புக் கூட்டத்தில் காட்டிய கார்ட்டூன்களுக்காக அசீம் திரிவேதி மேல் தேசத்துரோக வழக்குப் போட்டு, 2012 செப்டம்பரில் கைது செய்தார்கள். தேசியச் சின்னத்தின் சிங்கங்களை ஓநாய்களாக வரைந்தவர் அவர். அடுத்த மாதமே, தேசத்துரோகப் பிரிவைக் கைவிடுவதாக மாநில அரசே பம்பாய் உயர் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. வன்முறையைத் தூண்டாதவரை அரசைக் கடுமையாக விமர்சிப்பது தேசத்துரோகம் ஆகாது என்று அதே வழக்கில் 2015-இல் தீர்ப்பு வந்தது. இது நம் ஊர் நீதிமன்றம், அண்ணாச்சி.

அங்கே தமிழ்நாட்டில் நடந்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. 1987-இல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே விட்டார்கள்.

அவர்களையெல்லாம் பிடிக்கப் போலீஸ் வர வேண்டியிருந்தது. இங்கே யாரும் புகார் கொடுக்கவில்லை, ஒரு கான்ஸ்டபிள்கூட வரவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றியது நாம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேனே, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கண்காட்சி ஞாயிறு வரை இருக்கிறது. குழுவிலிருந்து இரண்டு பேர் அவள் வீட்டுக்குப் போய், அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டு, படத்தை வாங்கி வாருங்கள். ஆணி இன்னும் சுவரில்தான் இருக்கிறது. யாராவது வந்து கேட்டால், மாட்டச் சொன்னது நான் என்று சொல்லுங்கள். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் நானே வருகிறேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் உறுப்பினர் ஒருத்தி,
தாராவி, மும்பை